பிடித்தே பழகிய கை

எங்கள் குடியிருப்பில் தையல்காரியைத் தெரியாதவர் இல்லை. கீழ்த்தளத்தில் ஒரே அறை. அதில் மிஷின், மிஷினை ஒட்டிக் கட்டில், கட்டிலில் பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன புருஷன். இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க எழுந்தால் மறுபடி தூக்கம் பிடிக்காது. சட்டைகளுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்துவிடுவாள்.

அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் விதத்தை நான்தான் காட்டினேன். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். முழங்காலுக்கு முழங்கால் முட்டுக்கொடுத்து, பின்னால் இடுப்புப் பட்டையைப் பிடித்து, தூக்கித் திருப்பி உட்காரவைக்க வேண்டும். சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். நாலு வருஷமாக அதே பிடிதான்.

சமுதாயக் கூடத்தில் நடன விழா என்றார்கள். டிக்கெட் இல்லை, எந்த வகை ஆட்டமும் ஆடலாம். தையல்காரி ஜோடி நடனத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு மட்டும் இவரைப் பார்த்துக்கங்க. ஒரே ஒரு பாட்டு. முழுசா ஆடிடணும்."

ஜோடி சேர்ந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முதல் ஒத்திகையிலேயே அவர் பெல்ட்டைப் பின்னால் பிடித்து, முழங்காலை முட்டுக்கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"அம்மா, நான் நல்லாத்தான் நிக்கிறேன்! விடுங்க!"

"கை பழகிப்போச்சுண்ணே."

"பேன்ட் கழண்டா என் மானம்ல போகும்? நான் தாங்கறேன், நீங்க சும்மா சாயுங்க."

சாய மட்டும் அவளுக்கு வரவில்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் அவர் பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

விழாவில் ஆடவந்தவர்களின் பாவாடையில் பாதி அவள் தைத்தது. முந்தின நாள்கூட ஒருத்தி இடுப்பைப் பிடிக்கச் சொல்லி வந்தாள், இன்னொருத்தி தளர்த்தச் சொல்லி வந்தாள். விடிய விடிய மிஷின் ஓடியது. காலையில் அவள் கண் கோவைப்பழம்.

நான் அவள் புருஷனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்தினேன். சிலர் வெறுங்காலோடு மேளத்துக்கு ஆடினார்கள். தலையைத் தரையில் ஊன்றிப் பையன்கள் சுழன்றார்கள். கழுத்து என்ன ஆகும் என்றுதான் எனக்குக் கவலை. எல்லாரும் கொடுத்த நேரத்துக்கு மேல் ஆடினார்கள். தையல்காரி சுவரோரம் நின்றுகொண்டே காத்திருந்தாள்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். மெதுவான பாட்டு. நாலு சுற்று நன்றாகப் போயிற்று. பிறகு அவள் தலை டிரைவரின் தோளில் சாய்ந்தது. பெல்ட்டைப் பிடித்திருந்த கை நழுவித் தொங்கியது. என்ன உருக்கமான ஆட்டம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அந்தக் கழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் புருஷனுக்கும் தெரிந்துவிட்டது. "தூங்கறா," என்றார் குழறலாக. "குறட்டை வரும், பாரு."

டிரைவர் அவளைத் தாங்கிக்கொண்டு, பஸ்ஸைப் பின்னால் எடுப்பதுபோல் அங்குலம் அங்குலமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்ததும் விழித்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. பிரமாதம்."

"எழுப்பித் தொலைக்கறதுக்கு என்ன?" நேராக என்னிடம் வந்தாள். "நீங்களாவது ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதாக்கா? ஒரு பாட்டுதானே கேட்டேன்."

அவளுக்குத் தூக்கமும் வேண்டியிருந்தது, ஆட்டமும் வேண்டியிருந்தது, கிடைத்தது ஒன்று.

அதற்குள் அவள் புருஷனுக்கு ஒன்றுக்கு அவசரம். அவள் நாற்காலியைத் திருப்பப் போனாள். கையைத் தட்டிவிட்டேன். "இரு. நான் போறேன்."

முடித்துக்கொண்டு திரும்பியபோது, கட்டைச் செருப்பால் தரையைத் தட்டி ஆடும் கூட்டம் மேடையில் இருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கூப்பிட்டார்களாம். கடைசி வரிசையில் ரப்பர் செருப்போடு தையல்காரி. தாளம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முகத்தில் கோபம்கூட இன்னும் போகவில்லை.

வாசலிலேயே நிறுத்தச் சொன்னார் அவர். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ராத்திரி கால் வலிக்குதுன்னு உயிரை எடுப்பா."

"எடுக்கட்டும்," என்று சக்கரத்துக்குப் பிரேக் போட்டேன்.