வெயிலில் பார்த்த இலை

என் பெரியப்பா மகள் பழனாயி அக்கா, திண்ணனூர் நாட்டில் மலைச்சரிவில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போடுகிறவள். அவள் காட்டில் வெட்டிய விதைக்குச்சியை வாங்கி நட்டால் கிழங்கு நன்றாகப் பிடிக்கும் என்று அக்கம்பக்கத்தில் பெயர். அறுவடைக்கு முன்பே கேட்டு வைத்துவிடுவார்கள்.

இந்த வருடம் சில இலைகளில் மஞ்சள் படர்ந்தது போல அவளுக்கு ஒரு சந்தேகம். தேமல் நோய் என்றால் குச்சி வழியாகவே அடுத்த காட்டுக்கும் போய்விடும். அதனால் குச்சி வெட்டுவதற்கு முன் வீடியோ எடுத்து, கிழங்கு வாங்கும் ஆலையின் ஆலோசகன் சுரேந்தருக்கு அனுப்பினாள். எனக்கும் அனுப்பினாள்.

“உங்க போன்ல படமே தெளிவில்லீங்க. இலை பச்சையாத்தான் இருக்குது, தைரியமா வெட்டிக் குடுங்க” என்றானாம் அவன்.

துபாயில் இருக்கும் நான் ஆறு நாள் அதைத் திறக்கவே இல்லை. திறந்தது வேலையிடத்தின் அடித்தளக் கிடங்கில், மங்கலான விளக்கடியில். இலையெங்கும் மஞ்சள் திட்டுகள். விளக்கின் மஞ்சளோ என்று மேலே ஓடிவந்து வெயிலில் மறுபடி பார்த்தேன். திரையில் என் முகம்தான் தெரிந்தது. இலை வெறும் மங்கல் பச்சை. அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சோளக்காடு சந்தையில் இருந்தாள்.

“அப்ப சுரேந்தரு வெயில்ல பாத்துட்டா சொன்னான்? இந்தா, எதுக்கத்தான் நிக்கறான். போனை வைக்காத கண்ணு, கேளு.”

கேட்டேன்.

“ஏம்ப்பா சுரேந்தரு, என் வீடியோவ எங்க நின்னு பாத்த?”

“இங்கதானுங்க அக்கா, வண்டி மேல உக்காந்து. உங்க போனு பழசு...”

“என் போனு மேல பழி போடாத. வா கடைக்குள்ள. அந்தப் பலாப்பழக் குவியலுக்குப் பின்னால, இருட்டுல குந்து. ம், இப்பப் பாரு.”

“என்னுங்க, பொண்ணு போட்டோவா? ஒளிஞ்சு பாக்கறீங்க!” என்று கடைக்காரர் சிரித்தார்.

“தேமல்தானுங்க அக்கா. புடுங்கி எரிச்சுப்போடுங்க.”

“என் காட்ட நான் எரிச்சுக்கறேன். நீ சொன்னீன்னு ராமாயி ஊட்டுக்கும் அர்த்தனாரி ஊட்டுக்கும் குச்சி குடுத்தேனே, நட்டுட்டாங்களே! அங்க யாரு போறது?”

“நீங்களே பக்குவமா சொல்லிட்டா...”

“பக்குவமா! வாய் பாரு. பஸ்ஸு நிக்குது, ஏறு சாமி. வெயில்ல பாத்துட்டு வாய்க்கு வந்ததச் சொன்னேன்னு அவங்க முன்னால நின்னு நீ சொல்லு.”

ஏறினான். இரண்டு காட்டிலும் அன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார்கள். ராமாயி அவனை நன்றாகத் திட்டினாளா என்று மறுநாள் ஆத்திரத்தோடு கேட்டேன்.

“அவன எதுக்குத் திட்டறா? என்னத்தான் திட்டுனா” என்றாள் அக்கா. “இனி உன் காட்டுக் குச்சியே வேண்டாம்னுட்டா.”