பனி கடுமை

கனடாவில் இருக்கும் மகள் முழங்கால் அளவு பனியில் நடந்து பறவை பார்க்கிறாள். ஒரு காகம் தென்பட்டால் போதும், படம் வந்துவிடும். புத்தியுள்ள பறவைகள் குளிர் தேசங்களை விட்டுக் கிளம்பி எங்கள் வீட்டெதிரில் இருக்கும் குளக்கரை அரசமரத்துக்கு வருகின்றன. சூறைக்குருவிகள். மைனாவுக்கு ரோஸ் சட்டை மாட்டியதுபோல் இருக்கும்.

மார்கழி விடியலில் மப்ளரும் பைனாகுலருமாகக் கரையில் நடப்பேன். ஓய்வுபெற்ற தாசில்தாருக்குக் கண்காணிக்க வேறு யார் இருக்கிறார்கள்? ஒருநாள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: ‘இன்று குளக்கரையில் பனி கடுமை. குருவிகள் ஏராளம்.’

அடுத்த வீட்டுக்காரர் ஓடிவந்தார். மார்த்தாண்டத்திலிருந்து குடிவந்தவர். அவருடைய புது வெள்ளைக் கார் அரசமரத்தடியில்தான் நிற்கும். குருவிகள் அதன்மீது தினமும் அபிப்பிராயம் சொல்லும்.

“சாரே, எத்தன பேருக்குப் பனி?”

மேற்கே, மார்த்தாண்டம் பக்கம், பனி என்றால் காய்ச்சல். சர்வீஸ் முழுவதும் இந்த மாவட்டத்தில் கழித்த நான் அதை மறந்திருந்தேன். இது வானத்துப் பனி என்று விளக்கினேன். கையில் கிடைத்த காய்ச்சலை விட்டுவிட அவருக்கு மனமில்லை.

“குருவி வந்தா பனியும் வரும்லா? நாளைக்கு ஆளு வருது. மரத்த முறிச்சிரலாம்.”

“காரைத் தள்ளி நிறுத்தலாமே?”

“அங்க வெயில் அடிக்கும் சாரே.”

நிழல் வேண்டும், மரம் வேண்டாம்.

“அது சர்க்கார் மரம். அனுமதியில்லாம தொட்டா கேஸாகும். முறைப்படி மனு குடுங்க.”

“அப்போ நீங்களே எழுதித் தாங்க. உங்களுக்குத்தானே தெரியும்?”

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்: “குருவிக்கு எதிரா மனுவா? கை விளங்குமா?”

எழுதினேன். ஒரு சொல் பிசகாத மனு. காய்ச்சல் கவலை சுகாதாரத் துறைக்கு, மரத்தின் மதிப்பு வனத்துறைக்கு, கரையின் எல்லை சர்வே துறைக்கு. ஒவ்வொருவரும் மற்றவரின் கருத்தைப் பெற்ற பிறகே தன் கருத்தைச் சொல்ல முடியும். பொய் ஒன்றுமில்லை, எல்லாம் விதிப்படி. “நீங்க தெய்வம் சாரே” என்று வாங்கிக்கொண்டு போனார். வரவிருந்த ஆளையும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

பார்வையிட அதிகாரி வந்தபோது சித்திரை. குருவிகள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தன. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், ஒரு காகம். ‘குறிப்பிட்ட பறவைகள் காணப்படவில்லை, மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி, வெயில் தாங்காமல் அந்த மரத்தடியிலேயே நின்று கையெழுத்திட்டார்.

இந்த மார்கழியும் குருவிகள் வந்துவிட்டன. குழுவில் வெகு ஜாக்கிரதையாக ‘இன்று குளிர் அதிகம்’ என்று போட்டேன்.

உடனே அடுத்த வீட்டிலிருந்து பதில் வந்தது: ‘விறையலும் உண்டா சாரே?’

விறையல் என்றால் அங்கே காய்ச்சல் நடுக்கம். புது மனுவுக்குத் தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.