ஜிம்மி குலைக்காத நாள்

எங்கள் வீட்டு நாய் ஜிம்மிக்கு உலகத்தில் ஒரே விரோதி சைக்கிள்தான். பஸ்ஸைப் பார்த்தால் வாலை ஆட்டும், மாட்டுவண்டிக்கு எழுந்து வழிவிடும். சைக்கிள் மணி கேட்டால் மட்டும் அதற்குப் பேய் பிடித்துவிடும். குட்டியாக இருந்தபோது பால்காரர் ஒருவர் காற்றடிக்கும் பம்பால் அதன் இடுப்பில் போட்ட போடு அப்படி. நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், கோவில்பட்டியிலிருந்து சைக்கிளில் வந்த துணி வியாபாரியின் கெண்டைக்காலை அது கவ்வியதும் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: “இனி ஒரு ஆளக் கடிச்சிச்சுன்னா இத உசுரோட விடமாட்டேன்.” அப்பா சொன்னால் செய்கிறவர். ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்போது எங்களோடுதான் இருந்தாள். கழுகுமலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் இருந்து தேறிவிட்டுப் போவாள் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். அத்தை நன்றாகத்தான் சாப்பிட்டாள், பருத்தி எடுக்கவும் போனாள். இடது கையை மட்டும் அவளால் முழுசாக நீட்ட முடியாது.

அத்தைதான் நாயைத் திருத்துகிறேன் என்று அப்பாவிடம் தவணை வாங்கினாள். கம்பு எடுத்தால் தானாகத் திருந்தும் என்றார் அப்பா.

“அடிச்சா பயந்துதான் போவும். பயந்ததுதாண்ணே கடிக்கும்” என்றாள் அத்தை.

“உனக்கு எப்படித் தெரியும் அத்தே?” என்று கேட்டேன்.

“தெரியும்ட்டி.”

மறுநாளே வித்தை ஆரம்பமானது. நான் அப்பாவின் சைக்கிளை உருட்டிக்கொண்டு தூரத்து மஞ்சணத்தி மரத்தடியில் நிற்பேன். அத்தை முந்தியில் கருவாட்டுத் துண்டுகளை முடிந்துகொண்டு ஜிம்மியோடு வாசலில் இருப்பாள். அது சைக்கிளைப் பார்த்த மாத்திரத்தில், குலைக்கும் முன்னே, “இந்தா” என்பாள்; ஒரு துண்டு கொடுப்பாள். தினமும் சைக்கிளை நாலு எட்டு கிட்டே கொண்டுவர வேண்டும். அது குலைத்துவிட்டால் அத்தை அதட்டமாட்டாள். “அது மேல தப்பில்ல. நீதான் ரொம்பக் கிட்ட வந்துட்ட, ஏட்டி, பின்னால போ” என்பாள். இடையிடையே களைப்பாற, விறகுக்கு வைத்திருந்த பருத்திமார்க் கட்டைத் தாண்டச் சொல்லி அதற்கும் ஒரு துண்டு. வீடே கருவாட்டு நாற்றம் என்று அம்மா புலம்பினாள்.

மழை பிடிக்கும் முன் ஜிம்மி தேறிவிட்டது. மணிச் சத்தம் கேட்டால் சட்டென்று உட்கார்ந்து எங்கள் கையைப் பார்க்கும். இனி அது பிழைத்துக்கொள்ளும் என்று நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா, அத்தையின் வீட்டுக்காரர், சேவுப் பொட்டலத்தோடு சைக்கிளில் வந்து இறங்கினார். ஜிம்மியின் முதுகு மயிர் சிலிர்த்தது. தொண்டைக்குள் பழைய உறுமல். வாசலில் நின்ற அத்தையின் கை முந்திக்குப் போகவேயில்லை. மறந்துவிட்டாள் போல என்று நான் ஓடிப்போய், என்னிடம் இருந்த கருவாட்டுத் துண்டை நீட்டி “இந்தா” என்றேன். ஜிம்மி உட்கார்ந்துவிட்டது. மாமா அதைத் தாண்டி உள்ளே போனார்.

“பாத்தியா அத்தே, குலைக்கல” என்றேன்.

அத்தை என் தலையைத் தடவினாள். அவள் கை சில்லென்று இருந்தது.

உள்ளே, “இன்னும் ஒரு மாசம் இருக்கேன்ணே” என்று அத்தை சொன்னது எனக்குக் கேட்டது. “அவருதான் நல்லவிதமாப் பேசுதாருல்லா, போயிட்டு வாம்மா” என்றார் அப்பா. சாயங்காலம் மாமாவின் சைக்கிள் கேரியரில் அத்தை போனாள். ஜிம்மி பின்னாலேயே ரோட்டு வரை ஓடியது. குலைக்கவில்லை. அன்றைக்கு நான் சொன்ன அந்த ‘இந்தா’ இத்தனை வருஷம் கழித்தும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

அடுத்த பருத்தி வெடிக்கும் முன் ஒருவர் சேதி சொல்ல வந்தார். அத்தை வயிற்றுவலி தாங்காமல் போய்விட்டாளாம். அம்மா தரையில் விழுந்து அழுதாள். அப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வயிற்றுவலிக்கு ஓமத்தண்ணி குடித்தால் போதுமே, அதைக்கூட அங்கே யாரும் காய்ச்சிக் கொடுக்கவில்லையா என்றுதான் எனக்கு இருந்தது.

வந்தவர் சைக்கிளில்தான் வந்திருந்தார். ஜிம்மி வாசலில் சமர்த்தாக உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கருவாடு எடுக்க உள்ளே போனேன்.