ரோலர் கோஸ்டரில் அப்பா ஊதிய விசில்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அப்பாவோடு வேலை பார்த்தவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம். நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்ன அண்ணன், "பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்த்தது எல்லாம் வரிசையா வரணும்" என்று உத்தரவும் போட்டிருக்கிறார். வரிசையாகத்தான் எழுதப் போகிறேன். ஆனால் நடுவில் ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அப்பா பிறந்தது தளவாய்புரத்தில். சொத்து என்று சொல்ல ஒரு சென்ட் நிலம் கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தார். பிறகு கண்டக்டர் ஆனார். இடையில் பஸ் முதலாளி தொழிலை விட்டுவிட, ஒரு வருஷம் பஞ்சாலையில் மூட்டை தூக்கி எங்களுக்குச் சோறு போட்டார். அந்தக் கஷ்டத்தை அவர் வாயால் நாங்கள் கேட்டதே இல்லை. பிறகு வேறொரு பஸ்ஸில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் என்று அதே ரோட்டில்தான் ஓடினார். பால்கோவா டின்னோடு நிற்கிற பெண்களுக்கு இறங்கிப் போய்ச் சுமையை ஏற்றிவிடுவார். கல்லூரிப் பையன்கள் படியில் தொங்கினால் மட்டும் குரல் மாறும். "ஏலே, உள்ள இடம் கெடக்குல்லா? ஒங்க அம்மை ஒன்னைப் பெத்தது படியில தொங்கவா?"

பேச்சைவிட அப்பாவுக்கு விசில்தான் சரளம். ஒற்றை விசில் ஊதினால் வண்டி நிற்க வேண்டும், இரட்டை விசில் ஊதினால் புறப்பட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் விசில் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. பேரப்பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாலும், தலைகளை எண்ணிவிட்டு இரட்டை விசில் கொடுத்த பிறகுதான் நடக்க விடுவார்.

இனிதான் நான் நிற்கப் போகிற இடம் வருகிறது.

என் கணவர் ராஜபாளையம் மில்லில் வேலை பார்த்தவர். மஞ்சள் காமாலையில் இளவயதிலேயே போய்விட்டார். ஒன்பது வயது மகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். ஒருநாள் அண்ணன் மகன்கள் ராஜாவும் சேகரும் ஏதோ கூத்தடிக்க, செல்வி கலகலவென்று சிரித்தாள். துக்கம் கேட்க வந்திருந்த ஒரு பெண், "அப்பன் போயி மூணு மாசம் ஆகல, பல்லைக் காட்டுதா பாரு" என்றார். பெயர் வேண்டாம், இந்த மலர் அவர் கைக்கும் போகும். அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் செல்வி கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். நாளடைவில் பொத்துவதற்குச் சிரிப்பே வரவில்லை. என் முகத்திலும்தான் சிரிப்பு இல்லையே, அவளை எப்படிச் சிரிக்கச் சொல்வேன்?

கோடை விடுமுறை வந்தது. அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "பிள்ளையள மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க தீம் பார்க்குன்னு ஒண்ணு இருக்காம்" என்றார். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டார்.

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா? வருசம் திரும்பல. துக்க வீட்டுப் பிள்ளைய ஆட்டம் பாட்டம்னு கூட்டிட்டுப் போனா ஊரு காறித் துப்பாது?"

"யக்கா, வருசம் திரும்புத வரைக்கும் திருவிழாவுக்குப் போகக் கூடாது, தீபாவளி பொங்கல் கூடாது. எல்லாம் ஒத்துக்கிடுதேன். தீம் பார்க்குக்குப் போகக் கூடாதுன்னு நம்ம பெரியாளு யாரு சொல்லியிருக்கா? ஒரு ஆளைக் காட்டு, பயணத்த நிப்பாட்டிருதேன்."

தீம் பார்க்கைக் கண்ட பெரியவர் யாரும் எங்கள் வம்சத்தில் இல்லை. அன்றிலிருந்து அத்தை அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் நாங்கள் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு டின் முறுக்கோடு வந்து நின்றார். "பிள்ளையளுக்குத்தான். ஒனக்கில்ல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். "பிள்ளையளப் பாத்துக்கிடத்தான் நீ வார. ஒன்னை யாரு ஆடச் சொன்னா?" என்று அப்பா என் வாயை அடைத்துவிட்டார்.

மெட்ராசில் அந்தத் தீம் பார்க் வாசலில் காவலாளி முறுக்கு டின்னைப் பிடித்துக்கொண்டார். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லையாம். "உள்ள கொண்டு போகக் கூடாது, அம்புட்டுத்தான?" என்ற அப்பா, அங்கேயே டின்னைத் திறந்து வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் விநியோகம் செய்துவிட்டார். காவலாளியும் இரண்டு வாங்கிக்கொண்டார்.

உள்ளே ராஜாவும் சேகரும் நேராக ரோலர் கோஸ்டரிடம் ஓடினார்கள். செல்வி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. "தாத்தாவுக்குப் பயமா இருக்கு, பக்கத்துல ஒரு ஆளு வேணும்" என்று அப்பா அவளைக் கூட்டிப் போனார். நான் கீழேயே நின்றுகொண்டேன். "ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுக்கோங்க, எடுக்கவே கூடாது" என்று அங்கிருந்த பையன் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போனான். அப்பா முன்னும் பின்னும் திரும்பித் தலைகளை எண்ணினார். எல்லோரும் உட்கார்ந்தது தெரிந்ததும், பழக்கதோஷம், விசிலைப் பல்லில் கடித்து இரட்டை விசில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து வண்டியும் புறப்பட்டது. தாத்தாதான் வண்டியை எடுத்தார் என்று சேகர் இன்றைக்கும் சாதிக்கிறான்.

வண்டி உச்சிக்குப் போகும்வரை அப்பா கம்பீரமாகத்தான் இருந்தார். தலைகீழாகப் பாய்ந்தது பாருங்கள், ஒற்றை விசில் கேட்டது. வண்டி நிற்கவில்லை. இன்னொரு ஒற்றை விசில். அடுத்த வளைவில் இன்னொன்று. ஒற்றை விசிலுக்கு நிற்காத வண்டியை அப்பா வாழ்நாளில் கண்டதில்லை. விசிலைத் துப்பவும் தோன்றவில்லை, எடுக்கக் கையும் இல்லை. மூச்சு விடும்போதெல்லாம் அது அலறியது. வண்டியில் இருந்தவர்கள், கீழே நின்றவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தனை சிரிப்புக்கும் மேலே ஒரு சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது. இரண்டு கையும் கம்பியில் இருக்க, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு போனாள் என் மகள்.

அப்பா தள்ளாடியபடி இறங்கி வந்தார். தோள் துண்டைக் காணோம். "இந்த வண்டிக்கு பிரேக் சரியில்ல" என்றார். செல்விக்கு மறுபடியும் சிரிப்பு பீறிட்டது. அப்போதுதான் நான் நிற்பதைப் பார்த்தாள். சிரிப்பு நின்று, கை மெல்ல வாய்க்குப் போனது. அந்தக் கையை எட்டிப் பிடித்தேன். "வா, நானும் ஒரு தடவ ஏறிப் பாக்கேன்" என்றேன்.

ஏறினேன். ஊரே கேட்கக் கத்தினேன். இறங்கும்போது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. "எம்மா, நீ எம்புட்டுக் கத்துத!" என்று செல்வி என் மேலேயே சாய்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

பிள்ளைகள் தண்ணீர்ச் சறுக்கிற்கு ஓடிய பிறகு அப்பாவிடம் கேட்டேன். "ஏம்ப்பா, பக்கத்துல குத்தாலம் இருக்க, இம்புட்டுத் தூரம் எதுக்கு?"

"குத்தாலத்துல கை சும்மால்லா இருக்கும். இங்க ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிக்கணும்னு மெட்ராஸ் பஸ் டிரைவரு ஒருத்தன் சொன்னான். பொறவு பிள்ள எப்படி வாயப் பொத்துவா?" என்றார் அப்பா. இதையும் சாதாரணமாகத்தான் சொன்னார்.

கடைசி நாட்களில் நெஞ்சு வலியால் அப்பா அதிகம் நடமாடவில்லை. ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் அவரைச் சொந்தத் தகப்பனாகப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும், அவரைத் தோளில் சுமந்த டிரைவர், கண்டக்டர் தம்பிமாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அத்தைக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். அப்பா இறந்த அன்று வீடு நிறைய அழுகை. சற்று ஓய்ந்த நேரத்தில், மூலையில் இருந்த சின்னப் பிள்ளைகளிடம் செல்வி தாழ்ந்த குரலில் அந்த ரோலர் கோஸ்டர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை அடக்க முடியாமல் சிரித்துவிட்டது. வீடே திரும்பிப் பார்த்தது. செல்வி சட்டென்று நிறுத்திவிட்டாள். அப்பாவின் தலைமாட்டில் இருந்த அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஏட்டி, ஏன் நிப்பாட்டுன? எல்லாருக்கும் கேக்கணும், சத்தமாச் சொல்லு. எந்தம்பி எத்தன விசிலு ஊதுனான்?"

செல்வி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.