மூன்றாவது லெவலில் இரண்டு பெயர்கள்

பட்டர் பேப்பரைச் சுருட்டிய கூம்பை வலது கை அழுத்த, இடது கை அதன் அடியைத் தாங்கி மெல்ல நகர்த்தியது. இளஞ்சிவப்பு ஐசிங் நூலாக இறங்கி எழுத்தானது. ஓர் எழுத்து முடிந்ததும் கைகள் நின்றன. கூம்பின் முனையை ஈரத்துணியில் துடைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போயின. மூன்று அடுக்குக் கல்யாணக் கேக்கின் கீழ் அடுக்கில் பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் முடிந்த பிறகுதான் ஷைலஜா நிமிர்ந்தாள்.

வார நாட்களில் அவளுக்குச் சொந்த ஊரான ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. சனி, ஞாயிறு கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறிப் பெங்களூர் போய் வணிக நிர்வாகம் படித்தாள். கேக் வேலையைப் புத்தகம் பார்த்தும், செய்து கெடுத்தும் தானே கற்றுக்கொண்டவள். படிப்பின் கடைசிப் பாடமாக ஒவ்வொருவரும் ஒரு தொழிலைத் திட்டமிட்டு, வாங்கியவர் சொல்லும் கருத்தோடு வகுப்பில் வைக்க வேண்டும். அவள் சொந்த ஊரில் கேக் கடை என்று எழுதினாள்.

"கடை சரிம்மா. ஊர்தான் தப்பு," என்றார் பேராசிரியர். "தங்கச் சுரங்கத்தை மூடப்போறாங்கன்னு பேப்பர்லயே வருது. அங்க யார் வாங்குவா? பெங்களூருக்கே வந்துடுங்க."

இரண்டாயிரமாவது ஆண்டு அது. ரயிலிலும் அதே பேச்சு. வாராவாரம் யாராவது பெங்களூரில் வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். ஷைலஜா கேட்டுக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். சர்ச்சுக்குப் போகும் தெருவில் ஷட்டர் இறக்கிய கடை ஒன்று இருந்தது. வேலைக்குப் போகும்போது அவள் எதிர்ப்பக்கமாகவே நடப்பாள். அங்கிருந்துதான் முழுக் கடையும் தெரியும். கண்ணாடிப் பெட்டியை எங்கே வைப்பது, ஓவனை எங்கே வைப்பது, பூசை முடிந்து வருகிறவர்கள் எந்தப் படியில் நிற்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். உள்ளே மட்டும் போனதில்லை.

பெங்களூர்க்காரர்கள் இங்கிருந்து வாங்கிவிட்டால் ஊர் தப்பில்லை என்று ஆகிவிடும். உடன் படிக்கும் கிளாரன்ஸ் தன் தங்கை கல்யாணத்துக்குக் கேக் கேட்டபோது அதனால்தான் உடனே ஒப்புக்கொண்டாள். அந்த வீட்டார் சொல்லப்போவதைத்தான் வகுப்பில் வைக்க வேண்டும். பெயர்கள் மூணாவது லெவலில் வரட்டும் என்று கிளாரன்ஸ் போனில் சொல்லியிருந்தார்.

காலையில் வேனோடு வந்த கிளாரன்ஸ் கேக்கைச் சுற்றிப் பார்த்தார். "அழகா இருக்கு. பேரு ஏன் கீழ போட்டீங்க?"

"நீங்கதானே மூணாவது லெவல்னு சொன்னீங்க?"

"மூணாவதுன்னா உச்சி, ஷைலஜா."

"உச்சியில இருக்கறது எப்படிங்க மூணாவது ஆவும்?"

வாசலில் நின்றிருந்த அவள் அப்பா சாம்சன், சுரங்கத்தில் ஆட்களைக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறக்கும் எஞ்சினை ஓட்டி ஓய்வு பெற்றவர். "இன்னா தம்பி, சுரங்கத்துல லெவலை மேல இருந்துதானே எண்ணுவாங்க? கீழ போவப் போவத்தான் நம்பர் ஏறும். கீழ இருந்து எண்றதுக்கு மொதல்ல எவன் போய் அங்க நின்னுகினு இருந்தான்?"

கிளாரன்ஸ் சிரித்துவிட்டார். பிறகு தலையைச் சொறிந்தார். "அது சரி அங்கிள். ஆனா மேஜையில கேக்கைச் சுத்திப் பூ வைப்பாங்க. கீழ் அடுக்கு மறைஞ்சிடும். பேரே தெரியாது."

"தெரியாட்டி இன்னா, கட்டிக்கிறவங்களுக்குத் தெரியாதா அவங்க பேரு?" என்றார் சாம்சன். "அப்படியே குடு பாப்பா."

"இல்லப்பா," என்றாள் ஷைலஜா. "எத்தினி மணிக்கு ரிசப்ஷன்?"

"சாயங்காலம். நான் இருக்கேன், மெதுவா பண்ணுங்க."

காய்ந்த எழுத்துகளைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாகக் கிளப்பினாள். எழுத்து வந்தது, இளஞ்சிவப்புக் கறை நின்றது. கறை மேல் வெள்ளை இலைகளாகக் கொடி ஓட்டினாள். மேல் அடுக்கு சிறியது. இரண்டு பெயரும் ஒரே வரியில் அடங்காது. காகிதத்தில் எழுதிப் பார்த்து, ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துக்கொண்டாள். முதல் எழுத்து கோணியது. வழித்தாள். ஊர்தான் தப்பு என்ற பேராசிரியரின் குரல் ஞாபகத்துக்கு வந்தது. கூம்பின் முனையை ஈரத்துணியில் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

காற்று எழும்பியிருந்தது. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண் மேட்டிலிருந்து வரும் தூசி படாதிருக்க ஜன்னல்களைச் சாத்தி, ஐசிங் காய்ந்த பிறகே அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் வைத்தாள். கீழ் அடுக்கையும் நடு அடுக்கையும் சாம்சன் வேனில் ஏற்றினார்.

"எந்தக் கடைன்னு கேப்பாங்களே. என்ன சொல்லட்டும்?" என்றார் கிளாரன்ஸ்.

ஷட்டர் இறக்கிய அந்தக் கடை இருக்கும் பக்கம் அவள் ஒருமுறை பார்த்தாள்.

"ஆண்டர்சன்பேட்டைல இருந்து வந்ததுன்னு சொல்லுங்க," என்று பெயர்கள் எழுதிய அடுக்கை இரண்டு கைகளாலும் அவரிடம் கொடுத்தாள்.