படித்தேன், புரிந்துகொண்டேன்

காத்தக்காவுக்கு ஆங்கிலம் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். நாயைக் கண்டால் பயம், ஊசியைக் கண்டால் பயம் என்று ஆளுக்கொரு பயம் இருக்கிற உலகத்தில் இவளுக்கு இது. யாராவது எதிரே நின்று ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டால் போதும், முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும், தலை தானாக ஆடத் தொடங்கிவிடும். பேசுகிறவர் தன் வீடு எரிந்துபோன கதையைச் சொன்னாலும் அதே சிரிப்புதான், அதே தலையாட்டல்தான்.

மற்றபடி அவள் பயந்தாங்கொள்ளி இல்லை. ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். கையுறையைக் காற்றுக்குழாயின் வாயில் மாட்டி, காலடியில் இருக்கும் மிதியை அழுத்தினால் அது பூசணிக்காய் மாதிரி உப்பும். கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் காற்றுப் படும். ஒரு முறை, அவசர ஆர்டர் என்று ஓட்டைச் சரக்கையும் சேர்த்துத் தள்ளிவிடச் சொன்ன மேற்பார்வையாளரை, "உங்க வீட்டு ஆளுக்கு ஆபரேஷன்னா இதை மாட்டிக்கிட்டுப் பண்ணச் சொல்வீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அந்த வாய்க்காகத்தான் தொழிலாளர் குழுவுக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். குழுவில் மொத்தம் மூன்று பேர். பேச்சு என்று வந்தால் இவள்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கூலி ஒப்பந்தம் வந்தது. குளிரூட்டிய அறை, நீள மேசை, ஒன்பது பக்கம் ஆங்கிலம். எச்.ஆர். அதிகாரி தங்கமான மனுஷன் என்று பேர் வாங்கியவர், குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை. "நிதானமாப் படிச்சுப் பாருங்கம்மா, அவசரமே இல்ல" என்று காகிதத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காத்தக்கா பக்கங்களைத் திருப்பினாள். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டால் படித்த மாதிரி இருக்கும் என்று மனசுக்குள்ளேயே எண்ணி எண்ணித் திருப்பினாள். ஒன்பதாவது பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். மற்ற இரண்டு பேரும் அவள் போட்டதைப் பார்த்துப் போட்டார்கள்.

வெளியே வந்ததும் கேட்டார்கள். "எல்லாம் சரியாப் படிச்சீங்கள்லக்கா?"

"ஒரு எழுத்து விடாமப் படிச்சுட்டுத்தான் போட்டேன்" என்றாள் காத்தக்கா.

வாயில் வந்துவிட்டது, சொல்லிவிட்டாள். அடுத்த மாதமே சம்பளம் பத்தில் ஒரு பங்கு ஏறி வந்தது. இருநூறு பேரும் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். விலைவாசி ஏறுகிறதற்குத் தகுந்தாற்போல ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஏறிக்கொண்டிருந்த விலைவாசிப்படி மட்டும் அதோடு நின்றுபோனது. கேட்டதற்கு, "மூணு வருஷத்துக்கும் சேத்து மொத்தமாக் குடுத்தாச்சேம்மா" என்றார் அதிகாரி. இவளும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே போய் எல்லோரிடமும் சொன்னாள். மொத்தமாகக் கிடைத்தது என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

அந்த ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பொது நூலக வாசலில் ஒரு அறிவிப்பைப் பார்த்தாள். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பொருளாதார ஆங்கிலம், ஞாயிறு காலை, கட்டணம் இல்லை. இந்தத் தடவையாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம் என்று நினைத்தாள். அவ்வளவுதான் அவள் ஆசை. நல்ல ஆசைதான். அது தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்று தெரிந்திருந்தால் நூலகம் இருக்கும் தெருப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்கமாட்டாள்.

பாடம் எடுத்தவள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண். ஏழு மாதக் கர்ப்பிணி, எழுந்து எழுந்து எழுதினால் மூச்சு வாங்கும் என்பதால் பலகையில் எழுதுகிற வேலையை மாணவர்கள் தலையில் கட்டிவிடுவாள். முதல் நாள் 'வேஜ்' என்று எழுதக் காத்தக்காவைக் கூப்பிட்டாள். நாலே எழுத்து. எழுதி முடிப்பதற்குள் சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாள் கணக்கில், மணிக் கணக்கில் கொடுத்தால் வேஜ், மாதத்துக்குக் கொடுத்தால் சாலரி. வேண்டும் என்று கேட்பது டிமாண்ட், விற்க வருவது சப்ளை. "எங்க வீட்டுல டிமாண்ட் மட்டும்தான் மேடம், சப்ளை கிடையாது" என்றார் பின்வரிசையில் இருந்த வாட்ச்மேன். காத்தக்காவும் சிரித்தாள். புரிந்து சிரித்த சிரிப்பு. அப்படிச் சிரித்தே வெகுநாள் ஆகியிருந்தது.

நாலாவது வாரம் இன்ஃப்ளேஷன். விலைவாசி ஏறுகிறதற்கு அதுதான் பேர் என்று சொல்லிவிட்டு டீச்சர் ஒரு கேள்வி கேட்டாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஒரு நாள் கூலிக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கலாம்? இப்ப எத்தனை வாங்கலாம்? நோட்டுல எழுதுங்க."

காத்தக்கா எழுதினாள். அப்போது நாலு. இப்போது மூன்றுகூட இல்லை. தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று அடித்துவிட்டு மறுபடி போட்டாள். அதேதான் வந்தது.

"எங்களுக்குக் கூலி ஏறுச்சே மேடம்?"

"ஏறினது காகிதத்துல. அதுக்கு நாமினல் வேஜ்னு பேரு. கடையில போய் நின்னா என்ன கிடைக்குதோ அதுதான் ரியல் வேஜ். அது குறையாம இருக்கத்தான் சில இடத்துல காஸ்ட் ஆஃப் லிவிங் அலவன்ஸ்னு ஒண்ணு குடுப்பாங்க. விலை ஏற ஏற அதுவும் ஏறும். உங்க கம்பெனியில உண்டா?"

காத்தக்கா தலையை ஆட்டினாள். உண்டு என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நாலு வார்த்தையை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது, எங்கே என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒப்பந்தத்தின் நகலை எடுத்தாள். அந்த நாலு வார்த்தை ஆறாவது பக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒரு வார்த்தை பிடிபடவில்லை. குளிர்பெட்டி பழுதுபார்க்கிற கணவன் கூடத்தில் ஒரு பழைய பெட்டியைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் காட்டினாள்.

"ஃப்ரோசன். இது தெரியாதா? உறைஞ்சுபோச்சுன்னு அர்த்தம். ஃப்ரீசர்ல வெச்ச மாதிரி, அப்படியே நிக்கும்."

விலைவாசிப்படியை அடிப்படைக் கூலியோடு சேர்த்து, ஒரே ஒரு தடவை ஏற்றிக் கொடுத்துவிட்டு, மூன்று வருடத்துக்கு அசையாமல் கட்டிப்போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்துக்கு நேர் மேலே ஒரு சின்ன வரி. அதற்கு அகராதிகூடத் தேவைப்படவில்லை. 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று.

நகலை மடித்துத் துணிகளுக்கு அடியிலேயே திரும்பச் சொருகினாள்.

"இருநூறு பேர்ல யாருக்கு இங்கிலீஷ் தெரியும்? நீயா போய் ஏன் வம்பை விலைக்கு வாங்கிக்கிற?" என்றான் கணவன். ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் மறுநாளிலிருந்து உணவுக்கூடத்தில் யாராவது இரண்டு பேர் தலையைச் சேர்த்துவைத்துப் பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. "அக்கா, இந்த மாசமும் பஸ்ஸுக்கு வெச்சிருந்ததை எடுத்துக் கடைக்குக் குடுத்துட்டேன்" என்று எவளாவது சாதாரணமாகச் சொன்னால்கூட, கையுறையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அந்த வாரம் அவள் மேசையிலிருந்து போன பெட்டியில் இரண்டு ஓட்டைக் கையுறை இருந்ததாகப் புகார் வந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

எல்லோரையும்விட அவளுக்கு உரிக்கிறவளைக் கண்டால்தான் பயம். சூளையிலிருந்து வரும் பீங்கான் கை அச்சுகளிலிருந்து சூடாகக் கையுறையை உரித்தெடுக்கிற வேலை அவளுக்கு. விரல் நுனியெல்லாம் தோல் வழன்றிருக்கும். காத்தக்காவைவிடப் பத்து வயது சின்னவள், இந்த வருடம்தான் குழுவுக்கு வந்தவள், அக்கா அக்கா என்று உயிரை விடுகிறவள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து கை கழுவும்போது கேட்டாள்.

"அந்த வகுப்புக்கு நானும் வரட்டுமாக்கா? உங்களை மாதிரி படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும்னு ஆசையா இருக்கு."

"இடம் இல்லடி. எல்லாம் நிறைஞ்சுபோச்சு."

வகுப்பில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது. அவள் வந்து எண்ணெய்க் கணக்குப் போட்டால் என்ன ஆகும்? காத்தக்காவுக்கு அதற்குமேல் நினைக்கத் தைரியம் இல்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. இதற்கா ஆங்கிலம் படிக்கப் போனோம் என்று தன்மீதே வெறுப்பாக இருந்தது.

புது ஒப்பந்தம் வந்தது. அதே அறை, அதே ஒன்பது பக்கம். ஒரு பக்கம் உரிக்கிறவள், மறுபக்கம் குழுவின் மூன்றாவது ஆளான பேக்கிங் பிரிவு அண்ணன். காத்தக்கா முதல் வரியில் விரலை வைத்தாள். இந்தத் தடவை எண்ணவில்லை, படித்தாள். பத்து நிமிடம், இருபது நிமிடம். அதிகாரி தேநீர் வரவழைத்தார். அது ஆறிப்போனது. ஆறாவது பக்கத்தில் அதே வரி இருந்தது, இன்னும் மூன்று வருடத்துக்கு.

"சார், இது..." அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "விலைவாசிப்படி இந்தத் தடவையும் நிக்குதா?"

அதிகாரி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து பழைய ஒப்பந்தத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"புதுசு இல்லையேம்மா. போன தடவை நீங்க படிச்சு, புரிஞ்சு, கையெழுத்துப் போட்டதுதானே?"

குரலில் ஒரு சுருதிகூட ஏறவில்லை. காத்தக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவருக்கு அன்றைக்கே தெரியும். அவள் பக்கங்களைத் திருப்பிய வேகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஆமா சார்" என்றாள் உரிக்கிறவள், பெருமை பொங்க. "அக்கா படிக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டாங்க."

பேனா மேசைமேல் இருந்தது. எடுத்துப் போட்டுவிட்டால் போதும், எப்போதும்போல வெளியே போகலாம், எல்லோரும் அக்கா என்பார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. காத்தக்கா காகிதத்தை அதிகாரி பக்கமே தள்ளினாள்.

"படிக்கல சார். அன்னைக்கு எனக்குப் படிக்கவே தெரியாது. இன்னைக்குப் படிச்சிருக்கேன். இதுல நான் கையெழுத்துப் போடல."

"அப்ப வெளியில இருக்கற இருநூறு பேர்கிட்டயும் இதையே சொல்லிடுங்க" என்றார் அதிகாரி அதே மெல்லிய குரலில். "அவங்க உங்களைக் குழுவுல வெச்சிருந்தா, திங்கக்கிழமை பேசலாம்."

நடைபாதையில் பேக்கிங் அண்ணன் முன்னால் போய்விட்டார். உரிக்கிறவள் நின்றாள். காத்தக்கா எல்லாவற்றையும் சொன்னாள், எண்ணெய்க் கணக்கு உட்பட. அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள்.

"வகுப்புல இடம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

உரிக்கிறவள் வழன்ற விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டாள். "எம் பொண்ணைப் போன வருஷம் பள்ளிக்கூடத்திலேருந்து நிறுத்தினேன். சம்பளம் ஏறியும் கட்டுப்படியாகலையேன்னு எம்மேலயே எனக்குக் கோவம். கையில காசு தங்காத பொம்பளைன்னு மாமியார் சொன்னாங்க. நானும் அப்படித்தான் போலன்னு நம்பிட்டேன்."

காத்தக்கா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"உள்ள போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா உங்களுக்காகப் பூசி மெழுகிடுவேன். நீங்களே சொல்லுங்க." அக்கா என்று சொல்லவில்லை.

உணவுக்கூடத்தில் இரைச்சல் காதைப் பிளந்தது. தட்டுகள், கரண்டிகள், சிரிப்பு. காத்தக்காவைப் பார்த்ததும் நாலைந்து பேர் கைதட்டினார்கள், எவ்வளவு ஏற்றினார்கள் என்று ஒருத்தி விரலைக் காட்டிக் கேட்டாள். அவள் நடுமேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். திரும்பி ஓடிவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தாள். வாசல் பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

"நான்... போன தடவை... படிக்காமத்தான்..."

சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ ஒருத்தி உற்சாகமாகக் கத்தினாள். "கேக்கலக்கா! சத்தமாச் சொல்லுங்க!"

உதவிக்கு உரிக்கிறவளைத் தேடினாள். அவள் தட்டின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள், நிமிரவில்லை.

"நான் அந்த ஒப்பந்தத்தைப் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றாள் காத்தக்கா. "படிச்சேன்னு உங்ககிட்ட சொன்னது பொய்."

இந்தத் தடவை கடைசி மேசை வரைக்கும் கேட்டது.