சுவரைப் பார்த்து நின்றேன்

என் மகள் பாவாயிக்கு மூன்று வயதில் மலைக்காய்ச்சல் வந்தது. கொல்லிமலையில் அது எட்டிப் பார்க்காத வீடு கிடையாது. செம்மேட்டிலிருந்து வந்த கம்பவுண்டர் கொயினா (மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்பு மருந்து) கலக்கிக் கொடுத்தார். அளந்துதான் கொடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

காய்ச்சல் இறங்கியது. ஆனால் கூப்பிட்டால் குழந்தை திரும்பவில்லை. பூனையைப் பூனை என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் "ஊன" என்றாள். பிறகு அதுவும் இல்லை, கையை மட்டும் நீட்டினாள்.

காது கேட்கவில்லை என்றேன். என் கணவர் நம்பவில்லை. நாங்கள் அடிவாரத்து வெள்ளாமைக் குடும்பம், மிளகு வைக்க மலைமேல் இருக்கும் எடப்புளி நாட்டுக்கு ஏறி வந்தவர்கள். எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார் அவர். குழந்தைக்குப் பின்னால் நின்று உரலில் உலக்கையைப் போட்டு இடித்தார். பாவாயி சட்டென்று திரும்பினாள்.

"பாத்தியா? கேக்குது அவளுக்கு. வேணுமின்னே பண்றா. நீதான் எடங்குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கே."

அன்றிலிருந்து, கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் முதுகில் அடி விழுந்தது. எதற்கு அடி என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும், எனக்கும் அவள்மேல் சந்தேகம் தட்டியது. அவர் வாசலுக்கு வரும்போதே அவள் என் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள். செருப்புச் சத்தம் கேட்காத பிள்ளைக்கு அவர் வருவது எப்படித் தெரிந்தது?

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"பெரிய டாக்டருகிட்டக் காட்டலாங்க. கேக்கலைன்னு அவர் சொல்லிப்போட்டா, அப்பறம் நீங்க அவ மேல கை வெக்கப்படாது."

"கேக்குதுன்னு சொன்னாருன்னா?"

நான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

மலை இறங்கி, அடிவாரத்தில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அவர் கண் என்மேல்தான். குழந்தைக்கு நான் ஏதோ சொல்லிக் கொடுத்துவிடுவேன் என்று நினைத்தார் போல. டாக்டர் விளக்கைப் பிடித்துச் செவிப்பறையை (காதுக்குள் இருக்கும் மெல்லிய தோல்) பார்த்தார். பழுதில்லை என்றார். பாவாயியை முக்காலியில் உட்காரவைத்து, என்னை எதிரே நிற்கச் சொல்லிவிட்டு, அவள் பின்னால் போய் ஒரு மணியை ஆட்டினார்.

அவள் திரும்பிவிட்டாள்.

"குழந்தைக்குக் கேட்கிறதே அம்மா" என்றார் டாக்டர்.

"திமிருங்க, வேறொண்ணுமில்லீங்க. நாஞ் சொன்னனில்லீங்க?"

இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. திரும்புவதற்கு முன் பாவாயி என் கண்ணைப் பார்த்தாள். மணி அடித்ததும் என் கண் மணிக்குப் போயிருந்தது. வீட்டு வாசலுக்கு அவர் வரும்போதும் என் முகத்தில்தானே பார்த்திருப்பாள்.

"ஏனுங்க, இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க. நாஞ் செவுத்தப் பாத்து நின்னுக்கறேன்."

"என்ன வேலை காட்டறே?" என்றார் கணவர். டாக்டர் கையமர்த்திவிட்டு, அவரையும் குழந்தைக்குப் பின்னால் வரச் சொன்னார்.

சுண்ணாம்புச் சுவர் என் மூக்கை உரசியது. மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. பலமாக அடித்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"பாவாயி" என்றார் கணவர். அதட்டல்தான். பிறகு, "பாவாயி... கண்ணு... அப்பன் கூப்படறேன் சாமி." அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அதற்கும் பதில் வரவில்லை. நான் சொன்னது நிஜம் என்று ஆகிவிட்டது. பொய்யாகப் போயிருக்கக்கூடாதா என்று சுவரில் நெற்றியை வைத்து அழுதேன்.

செவி நரம்பு (சத்தத்தை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு) கெட்டுவிட்டது, மருந்து இல்லை என்றார் டாக்டர். உலக்கைக்குத் திரும்பியது தரையின் அதிர்வால்தான். காய்ச்சல் செய்ததா, கொயினா செய்ததா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாதா, சொல்ல மனமில்லையா?

எதிரே, வெளிச்சத்தில் நின்று பேசுங்கள், கையாலும் காட்டுங்கள் என்றார். இதைப் படிக்கும் பெற்றோர்களே, இந்த ஒன்றை மட்டும் சந்தேகப்படாமல் செய்யுங்கள். நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் முகம் பிள்ளையிடம் பேசிவிட்டிருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவர் குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையை எடுத்தார். அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். அவர் கை அப்படியே நின்றது.

அதற்குப் பின் அவர் அவளை அடிக்கவில்லை. ஆனால் அடிக்கவில்லை என்பதை எந்த வார்த்தையால் அவளுக்குச் சொல்வது? தினமும் அவள் எதிரே குந்தி, உள்ளங்கையை விரித்து, தாழ்வாக, மெதுவாக நீட்டினார். சில நாள் அதில் ஒரு நெல்லிக்காய் இருக்கும், சில நாள் ஒன்றும் இருக்காது. சாமை விதைப்பின்போது தொடங்கியவர், அறுப்பு முடிந்த பிறகுதான் அந்தக் கையில் அவள் கை வைத்ததைப் பார்த்தார்.

இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கை மெதுவாகிவிட்டது. அடுப்பில் பால் பொங்கினால்கூட, பக்கத்தில் இருக்கும் பாவாயி மிரளாமலிருக்க முதலில் அவளுக்குக் கையைக் காட்டிவிட்டுத்தான் பாத்திரத்தை எட்டுகிறேன். பால் வழிந்தால் வழியட்டும்.